கடையின் இருப்பிடத்தைக் கம்ப்யூட்டரில் குறிப்பது எப்படி?



மதுரை கீழமாசி வீதியில் எங்கள் மளிகை மண்டி இருக்கிறது. சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதுதான் தொழில். நானூறுக்கும் மேற்பட்ட கடைகள் எங்கள் பேரேட்டில் உண்டு. எந்தக் கடை எந்தச் சந்துக்குள் இருக்கிறது என்ற விவரம் முழுவதும் எங்கள் பழைய டிரைவரின் மனதில்தான் இருந்தது. அவருக்கும் வயதாகிவிட்டது. ஆகவே சில ஆண்டுகளுக்கு முன் எல்லாக் கடைகளின் இருப்பிடத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். பில் போடும் புரோகிராமை எழுதிக் கொடுத்த தம்பியே இதையும் அதில் சேர்த்துக் கொடுத்தார். லைனுக்குப் போகும் பையன்கள் இருவர் பதினைந்து நாள் அலைந்து, ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, கைப்பேசியில் இடத்தைக் குறித்துக் கொண்டு வந்தார்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். பழைய டிரைவர் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் போய்விட்டார். புது டிரைவர் குட்டியானையில் வனஸ்பதி டின், சர்க்கரை, கடலை மாவு எல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அண்ணாச்சி, முதல் கடை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள காட்டுது."

அடுத்த கடைக்குப் போகச் சொன்னேன்.

"அதுவும் கோயிலுக்குள்ளதான் அண்ணாச்சி. வரிசையா இருபத்திமூணு கடை அங்கேயே நிக்குது."

மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் உள்ள எங்கள் வாடிக்கைக் கடைகள் பெரும்பாலும் ஒரே புள்ளியில் குவிந்து கிடந்தன. வெளியே வில்லாபுரம், அவனியாபுரம் பக்கமுள்ள கடைகள் அரைக் கிலோமீட்டர் தள்ளித் தள்ளி நின்றன. அன்றைய லோடில் பாதி இறங்காமலே திரும்பியது. வில்லாபுரத்தில் ஓர் அம்மா நடத்தும் கடைக்கு மறுநாள்தான் சரக்கு போயிற்று. அதற்குள் அவர் வேறு மண்டியில் வாங்கிவிட்டார். பதினோரு வருட வாடிக்கை அத்துடன் நின்றது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது கடையில் கடலை மாவு இல்லையென்றால் யார்தான் காத்திருப்பார்கள்?

பையன்கள் குறித்ததில் தவறில்லை, கைப்பேசியிலும் கோளாறு இல்லை என்பது பிறகு தெரிந்தது. கம்ப்யூட்டருக்குள் அந்த எண்களை வைத்த கட்டம்தான் தவறானது. ஜி.எஸ்.டி. இணையதளத்திலேயே முதன்மை வியாபார இடத்தின் முகவரிக்குப் புவிக்குறியீடு உறுதி செய்யும் வசதி 2023-ல் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. கடை, கிடங்கு, வாடிக்கையாளர் வீடு என எல்லாவற்றையும் எண்ணாகக் குறிக்கும் காலம் இது. எனவே இந்த விஷயத்தை நம் வியாபாரிகள் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்று எழுதுகிறேன்.

இரண்டு எண்கள்

பூமியில் எந்த இடத்தையும் இரண்டு எண்களால் குறிக்கலாம். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பது அட்சரேகை. கிரீனிச் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை என்பது தீர்க்கரேகை. அட்சரேகை 90-ஐத் தாண்டாது. தீர்க்கரேகை 180 வரை போகும். தெற்கும் மேற்கும் என்றால் முன்னால் கழித்தல் குறி வரும். மீனாட்சியம்மன் கோயில் ஏறத்தாழ 9.9194 வடக்கு, 78.1194 கிழக்கு.

ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் சேர்த்தால் பதினோரு கிலோமீட்டர் அளவுக்கு இடம் தெரியும். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று என்றால் 111 மீட்டர், அதாவது தெரு தெரியும். நான்காவது இலக்கத்தில் பதினோரு மீட்டருக்கு வந்துவிடுவோம். ஐந்தில் ஒரு மீட்டர், கடையின் ஷட்டர் எது என்று தெரியும். ஆறில் பதினோரு சென்டிமீட்டர்.

எங்கள் புரோகிராமில் நடந்தது இதுதான். விலை, தொகை எல்லாவற்றுக்கும் வைத்திருந்த அதே மாதிரிக் கட்டத்தைத் தம்பி இருப்பிடத்துக்கும் வைத்துவிட்டார். ரூபாய்க்குப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போதும், காசு அதற்கு மேல் இல்லை. கம்ப்யூட்டர் பாஷையில் அதை டெசிமல் (10,2) என்பார்கள். மொத்தம் பத்து இலக்கம், அதில் இரண்டு புள்ளிக்குப் பின்னால் என்று பொருள். 9.917846 என்று பையன் அனுப்பியது 9.92 ஆயிற்று. 78.122951 என்பது 78.12 ஆயிற்று. கோயிலைச் சுற்றியுள்ள கடைகளுக்கெல்லாம் இதே இரண்டு எண்கள்தான். 9.92, 78.12 என்ற புள்ளியை வரைபடத்தில் பார்த்தால் அது கோயில் மதிலுக்குள்தான் விழுகிறது.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. "கட்டத்தை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் அண்ணாச்சி" என்றார் தம்பி. கட்டத்தை மாற்றினார். 9.92 என்பது 9.920000 ஆயிற்று, அவ்வளவுதான். போன இலக்கங்கள் போனவைதான். சல்லடையில் கீழே விழுந்து சாக்கடைக்குப் போன சரக்கைப் பெரிய சல்லடை வாங்கி மீட்க முடியுமா? பையன்கள் கைப்பேசியிலும் பழைய குறிப்பு இல்லை. தீபாவளி கழிந்து மறுபடியும் நானூறு கடைக்கு ஆள் அனுப்பினேன். இரண்டு தடவை சம்பளம், இரண்டு தடவை பெட்ரோல்.

எந்தக் கட்டம் நல்லது?

இரண்டாம் தடவை ஆள் அனுப்பும் முன், நாலு பேரிடம் விசாரித்தேன். கம்ப்யூட்டரில் புள்ளி வைத்த எண்ணைச் சேமிக்கப் பல வகைக் கட்டங்கள் உண்டு. நமக்கு வேண்டியவை நான்குதான். ஃப்ளோட், டபுள், டெசிமல், இன்டிஜர் என்று பெயர்.

தம்பி முதலில் ஃப்ளோட் வகைக்கு மாற்றினார். நான்கு பைட் இடம்தான் பிடிக்கும் என்றார். நான் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 78.119312 என்று போட்டார். திரும்ப எடுத்தபோது 78.1193 என்று வந்தது. எங்கள் டேட்டாபேஸ் மை எஸ்.க்யூ.எல். வகையைச் சேர்ந்தது. ஃப்ளோட் கட்டத்தில் உள்ள எண்ணை வெளியே காட்டும்போது அது மொத்தம் ஆறு இலக்கத்தோடு நிறுத்திவிடும். புள்ளிக்கு முன்னால் உள்ளதும் அந்த ஆறில் சேர்த்திதான். உள்ளே அரை மீட்டருக்கும் குறைவான பிழையோடு நன்றாகத்தான் வைத்திருக்கிறது. வெளியே எடுத்து டிரைவரின் கைப்பேசிக்கு அனுப்பும்போது ஐந்தரை மீட்டர் வரை தவறலாம். பெருமாள் கோயில் சந்து போன்ற இடத்தில் ஐந்து மீட்டர் என்றால் அடுத்த கடை.

இது மதுரைக்கு. நம் நண்பர் ஒருவர் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைகளுக்கு அப்பளம் அனுப்புகிறார். அங்கே தீர்க்கரேகை 103.85 பக்கம். புள்ளிக்கு முன்னால் மூன்று இலக்கம் போய்விட்டதால் பின்னால் மூன்றுதான் மிஞ்சும். பிழை ஐம்பத்தைந்து மீட்டர் வரை போகும். ஒரே புரோகிராம் ஓர் ஊரில் சரியாகவும் மற்றோர் ஊரில் தவறாகவும் தெரிவதற்கு இப்படியும் காரணம் உண்டு.

ஃப்ளோட்டில் இன்னொரு சங்கடம். கம்ப்யூட்டர் இரண்டின் மடங்குகளில்தான் எண்ணுகிறது. நூறு ரூபாயை மூன்று பங்காளிகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 33.33. திரும்பக் கூட்டினால் 99.99. ஒரு காசு எங்கே போனது? யாரும் திருடவில்லை, நாம் எழுதும் முறையில் மூன்றில் ஒரு பங்கை முழுதாக எழுத முடியாது. அது போலவே கம்ப்யூட்டரால் பத்தில் ஒரு பங்கை முழுதாக எழுத முடியாது, மிக நெருங்கிய ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அதனால் 78.119312 என்ற கடையைத் தேடு என்றால், ஃப்ளோட் கட்டத்தில் அப்படி ஒரு கடையே இல்லை என்று பதில் வரும். கணக்குப் பணத்தை ஃப்ளோட்டில் வைக்கக் கூடாது என்று விவரமான புரோகிராமர்கள் சொல்வதும் இதனால்தான். உங்கள் பில் புரோகிராமில் மாதக் கடைசியில் ஒரு காசு, இரண்டு காசு இடித்தால் முதலில் அந்தக் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டபுள் என்பது ஃப்ளோட்டைப் போன்றதுதான், ஆனால் எட்டு பைட். பிழை இருக்கும், ஆனால் தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு சிறியது. இரண்டு கடைகளுக்கு இடையே தூரம் கணக்கிடுவது போன்ற வேலைகள் எல்லாம் டபுளில்தான் நடக்கின்றன. அதில் வைத்தாலும் தவறில்லை.

டெசிமல் என்பது நாம் பேரேட்டில் எழுதுவது போல. எழுதிய இலக்கம் எழுதியபடியே இருக்கும். இருப்பிடத்துக்கு டெசிமல் (9,6) என்று கேட்டு வாங்குங்கள். மொத்தம் ஒன்பது இலக்கம், புள்ளிக்குப் பின் ஆறு, முன்னால் மூன்று. எங்கள் டேட்டாபேஸில் இதற்கு ஐந்து பைட். நாங்கள் இப்போது வைத்திருப்பது இதுதான்.

சிலர் (8,6) என்று வைத்துவிடுகிறார்கள். அட்சரேகைக்கு அது போதும். தீர்க்கரேகைக்குப் போதாது. இந்தியாவின் தீர்க்கரேகை சுமார் 68 முதல் 97 வரை என்பதால் இங்கே இருக்கும்வரை தெரியாது. சிங்கப்பூர்க் கடையின் 103.85-ஐப் போட்டால் இரண்டு இலக்கக் கட்டத்தில் எப்படி அடங்கும்? மை எஸ்.க்யூ.எல். கண்டிப்பு முறையில் இருந்தால் ஏற்க மறுத்துவிடும். 5.7 பதிப்பு முதல் அதுவே வழக்கம். பழைய பதிப்பாகவோ, கண்டிப்பைத் தளர்த்தி வைத்ததாகவோ இருந்தால் 99.999999 என்று எழுதிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். சிராங்கூன் சாலைக் கடை நானூறு கிலோமீட்டர் மேற்கே சுமத்ரா தீவுக்குள் போய்விடும்.

இன்டிஜர் என்பது முழு எண். ரூபாயைக் காசாக்கி முழு எண்ணாக எழுதுவது போல, பாகையைப் பத்து லட்சத்தால் பெருக்கி 78119312 என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பைட்டில் அடங்கும், பிசகும் இல்லை. உலக வரைபடத்தைத் தன்னார்வலர்களே தொகுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தின் டேட்டாபேஸில் ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாகத்தான் வைத்திருக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் நம் கடைகளில் இன்று ஒரு தம்பி, அடுத்த வருடம் வேறொரு தம்பி. பெருக்கி வைத்த விவரத்தை யாராவது மறந்தால் புதுக் குழப்பம். ஆகவே எனக்கு டெசிமலே பிடித்திருக்கிறது.

இடம் மிச்சமாகும் என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. பத்தாயிரம் கடைகளுக்கு இரண்டிரண்டு எண்களை டபுளில் வைத்தால் 1,60,000 பைட். ஃப்ளோட்டில் வைத்தால் 80,000. கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ இந்த இரண்டையும்விட மிகப் பெரியது. மூட்டையில் ஒரு மணி அரிசியை மிச்சப்படுத்திப் பயனில்லை.

அதே சமயம் புள்ளிக்குப் பின் பதினான்கு இலக்கம் வைத்துக்கொண்டு பெருமைப்படவும் வேண்டாம். கைப்பேசி திறந்த வெளியில் நின்றாலே ஏறத்தாழ ஐந்து மீட்டர் அளவுக்குத்தான் இடத்தைச் சரியாகச் சொல்லும். மாடிக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். மூட்டை நிறுக்கும் தராசில் மில்லிகிராம் கேட்பது போலத்தான். ஆறு இலக்கம் தாராளம்.

பழைய அணாக் கணக்கு

பத்திரங்களிலும் பழைய வரைபடங்களிலும் இருப்பிடம் பாகை, நிமிடம், விநாடி என்று இருக்கும். 9 பாகை 55 நிமிடம் 10 விநாடி என்பதைச் சிலர் அப்படியே 9.5510 என்று போட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். 1957 ஏப்ரல் 1-ல் புது நாணயம் வரும் வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. பன்னிரண்டு அணா என்பது 0.12 ரூபாயா? முக்கால் ரூபாய், 0.75. அது போலப் பாகைக்கு அறுபது நிமிடம், நிமிடத்துக்கு அறுபது விநாடி. 55-ஐ அறுபதால் வகுத்து, 10-ஐ 3,600-ஆல் வகுத்துக் கூட்டினால் 9.9194. அப்படியே 9.5510 என்றும் 78.0710 என்றும் போட்டால் கோயில் நாற்பது கிலோமீட்டர் தெற்கே அருப்புக்கோட்டைப் பக்கம் போய்விடும்.

எண்கள் இரண்டும் இடம் மாறிப் போவதும் அடிக்கடி நடக்கிறது. சில புரோகிராம்கள் அட்சரேகையை முதலில் எழுதும், சில தீர்க்கரேகையை முதலில் எழுதும். மதுரைக் கடையை மாற்றிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் விழும். டெசிமல் கட்டம் இதைத் தடுக்காது, 78 என்பதும் அதற்குச் சரியான அட்சரேகைதான். தமிழ்நாட்டுக்குள் மட்டும் வியாபாரம் செய்பவர்கள், அட்சரேகை 8 முதல் 14 வரை, தீர்க்கரேகை 76 முதல் 81 வரை இருந்தால்தான் ஏற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைக்கச் சொல்லுங்கள். மை எஸ்.க்யூ.எல்.-லில் 8.0.16 பதிப்புக்கு முன்பு இந்த நிபந்தனையை எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. தம்பியிடம் பதிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்செல் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. தொகை போல இரண்டு இலக்கம் தெரியுமாறு கட்டத்தை அமைத்திருந்தாலும் உள்ளே முழு எண் பத்திரமாக இருக்கும். அதையே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் எழுதப்படும். சேமிக்கும் முன் ஆறு இலக்கம் தெரியும்படி மாற்றிக்கொள்ள வேண்டும். எச்.எஸ்.என். எண்ணிலும் இதே தொல்லை உண்டு. தேயிலைக்கு 0902, பருப்புக்கு 0713. எண் கட்டத்தில் போட்டால் முன்னால் உள்ள சைபர் போய் 902, 713 ஆகிவிடும். அவற்றைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்பதால் எழுத்துக் கட்டத்தில் வைப்பதே முறை. அஞ்சல் துறை 2025-ல் கொண்டுவந்த டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீடும் அப்படித்தான். ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒரு குறியீடு, எழுத்தும் எண்ணும் கலந்தது.

புதுக் கட்டம் வந்ததும் முதலில் எங்கள் மண்டியின் எண்ணை மட்டும் ஏற்றச் சொன்னேன். திரும்ப எடுத்து ஆறு இலக்கமும் ஒத்துப் பார்த்து, டிரைவரின் கைப்பேசியில் போட்டு, புள்ளி எங்கள் ஷட்டர் மேல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பையன்களை அனுப்பினேன். இந்தத் தடவை அவர்கள் அனுப்பியதை அனுப்பியபடியே தனியாக ஒரு பிரதியும் எடுத்து வைத்திருக்கிறோம். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது மூன்று கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்தக் கட்டங்களில் சைபர் போட்டு வைக்கலாமா என்று கேட்டார் தம்பி. வேண்டாம் என்றேன். பாக்கி இல்லாத கணக்கு வேறு, கணக்கே தொடங்காத ஆள் வேறு அல்லவா? சைபர், சைபர் என்று எழுதினால் அதுவும் ஓர் இடம்தான். ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்குத் தெற்கே அட்லாண்டிக் கடலில் இருக்கிறது. மதுரையிலிருந்து சுமார் 8,700 கிலோமீட்டர். அந்த மூன்று கடைகளில் இரண்டு பிறகு திறந்தன, குறித்துவிட்டோம். மூன்றாவதின் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.